கடன் வாங்கிக் கழித்தல்



இந்த இதழின் தலையங்கம் தொடக்கப் பள்ளிக் கணக்குப் பாடம் பற்றியது. ‘எரியிற பிரச்சினை எத்தனையோ கெடக்க, கழித்தல் கணக்குக்கா தலையங்கம்?’ என்று நண்பர்கள் கேட்டார்கள். இதுவும் எரிகிற பிரச்சினைதான். சத்தமில்லாமல் எரிகிறது.

எங்கள் தெருப் படிப்பகத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண் பிள்ளை ஒருத்தி நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். 35 என்று போட்டிருந்தாள். மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ‘கவனம் இல்லை’ என்று ஒரு வரி. கவனம் இல்லாமலா போட்டாள்? ‘ரெண்டுலேர்ந்து ஏழு போவாதுல்ல பெரீப்பா, அதான் ஏழுலேர்ந்து ரெண்ட எடுத்தேன்’ என்றாள். போகாததைப் போகவைக்க அவளே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். வழி தப்பு. ஆனால் அதற்குள் ஒரு யோசனை இருக்கிறது.

நோட்டை மூடச் சொன்னேன். ‘ஒங்கம்மா அம்பத்திரண்டு ரூவா குடுத்து கடைக்கு அனுப்புது. இருவத்தேழு ரூவாய்க்கு சாமான் வாங்கிட்ட. மிச்சம் எவ்வளவு கொண்டாருவ?’ கண்ணை மூடித் திறப்பதற்குள் ‘இருவத்தஞ்சு’ என்றாள். எப்படி என்று கேட்டேன். ‘இருவத்தேழோட மூணு போட்டா முப்பது. இன்னொரு இருவது போட்டா அம்பது. அப்புறம் ரெண்டு. மூணும் இருவதும் ரெண்டும் இருவத்தஞ்சு.’

அதே எண்கள்தான், அதே பிள்ளைதான். கடையில் கெட்டிக்காரி, பள்ளிக்கூடத்தில் மக்கு. எது பொய்?

இது எங்கள் தெருவில் மட்டும் நடப்பதல்ல. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத்தில் தெரெசினா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூன்று ஆய்வாளர்கள் சந்தைக்குப் போனார்கள். தேங்காயும் பழமும் விற்கிற ஏழைப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் வாடிக்கையாளர் மாதிரி விலை கேட்டார்கள், மீதி கேட்டார்கள். அங்கே நூற்றுக்கு 98 விடை சரி. பிறகு அதே மாதிரிக் கணக்குகளை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 37 கூடத் தேறவில்லை. ஐந்தே பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால் உலகம் முழுக்கக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்களை அது உறுத்தியது. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையா, பிள்ளையிடம் இருக்கிற கணக்கு பள்ளிக்கூடத்துக்குத் தெரியவில்லையா?

பள்ளிக்கூடத்தில் இதற்கு என்ன பெயர் தெரியுமல்லவா? கடன் வாங்கிக் கழித்தல். ‘ரெண்டுலேர்ந்து ஏழு போகாது. பக்கத்துல இருக்கிற அஞ்சுகிட்ட ஒண்ணு கடன் வாங்கு. ரெண்டு பன்னெண்டு ஆச்சு.’ நானும் இப்படித்தான் படித்தேன், நீங்களும் இப்படித்தான் படித்திருப்பீர்கள். இந்தப் பிள்ளை என்னிடம் கேட்டாள்: ‘ஒண்ணு கடன் வாங்குனா ரெண்டு மூணாத்தான ஆவணும், எப்படிப் பன்னெண்டாவுது? வாங்குன கடன எப்ப திருப்பிக் குடுக்குறது?’ சாரிடம் கேட்டியா என்றேன். ‘கேட்டேன். சொன்னதச் செய்யின்னுட்டாரு.’

தோழர்களே, இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளையா மக்கு?

அங்கே கடனே இல்லை. யாரும் யாரிடமும் வாங்கவில்லை, யாரும் திருப்பித் தரப்போவதும் இல்லை. 52 என்றால் ஐந்து பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒற்றை ரூபாயும். ஏழு ரூபாய் கொடுக்க வேண்டும், சில்லறை போதவில்லை. ஒரு பத்து ரூபாயை மாற்றுகிறோம். நான்கு தாளும் பன்னிரண்டு ஒற்றையும் கையில் இருக்கிறது. நம்ம பணத்தை நாமே மாற்றிக்கொள்வதற்குப் பெயர் கடனா?

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. களத்தில் கூலி நெல் வரும்போது பார்த்திருக்கிறேன். ஒரு கலம் மூன்று மரக்கால் நெல்லில் ஐந்து மரக்காலை எடுத்தால் மிச்சம் எவ்வளவு? கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். ‘கலத்த ஒடச்சா பன்னெண்டு, மூணோட பதினஞ்சு, அஞ்சு போனா பத்து மரக்கா’ என்பாள். பள்ளிக்கூடம் எனக்குப் பத்தில் மட்டும் உடைக்கச் சொல்லிக் கொடுத்தது. அவள் பன்னிரண்டில் உடைத்தாள். ஆனால் பண்ணையின் கணக்குப்பிள்ளை நோட்டில் என்ன எழுதினார் என்பது அவளுக்குக் கடைசி வரை தெரியாது. அளவு படிக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்குவார்கள். யாருக்கு லாபம்? பண்ணைக்கு அளந்தால் மரக்காலில் கோபுரம் நிற்கும். நமக்கு அளந்தால் தலைதட்டி அளப்பார்கள். அம்மாவுக்குக் கணக்கு தெரியும். கணக்கு எழுதுகிற அதிகாரம்தான் அவளிடம் இல்லை.

சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியில் கால், அரைக்கால், மா, காணி என்று இறங்கி, ஒன்றை 320 பங்காக்கி ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். எவ்வளவு நுணுக்கம்! இந்த நுணுக்கம் எதை அளந்தது? நிலத்தை, நெல்லை, வரியை. அந்த நிலத்தில் உழைத்தவன் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. ஊர்க் கணக்கு பரம்பரையாகக் கர்ணத்தின் வீட்டில் இருந்தது. தமிழ்நாட்டில் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்து அவசரச் சட்டம் வந்தது 1980 நவம்பரில்தான். பதவி போய்விட்டது. ‘ஒங்களுக்கெல்லாம் கணக்கு வராது’ என்கிற பேச்சு இன்னும் போகவில்லை.

பாபாசாகேப் அம்பேத்கர் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அதற்கு முன்பு பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஒரு நாள் ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னார். சாதி இந்துப் பையன்கள் பதறி ஓடினார்கள். கரும்பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. அவர் பலகையைத் தொடுவதற்கு முன் டப்பாக்களை எடுத்தாக வேண்டுமே! அந்தக் கரும்பலகையைத் தொடக்கூடாதவர்தான் 1923இல் இந்திய ரூபாயின் சிக்கலைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். சிலைக்கு மாலை போடுகிற நாம் இந்தக் கதையை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

இன்று நம் பிள்ளைக்காக யாரும் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. ஆனால் பலகைக்குக் கூப்பிடுவதும் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்து எழுதுகிறது. நான் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளும் மணிச்சட்டமும் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. கேட்டால் ‘தொலச்சிடுவாங்க சார்’ என்றார்கள். அந்தக் குச்சிக் கட்டு ஒன்றை அந்தப் பிள்ளை தன் கையால் அவிழ்த்திருந்தால் ஒன்று எப்படிப் பத்தாகிறது என்று என்னிடம் வந்து கேட்டிருக்க மாட்டாள்.

எல்லாவற்றையும் ஆசிரியர் தலையில் போட நான் தயாராக இல்லை. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு, பதிவேடும் எழுதிக்கொண்டு அல்லாடுவதையும் பார்க்கிறேன். திட்டங்களுக்கும் குறைவில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுக்கப் போனது. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. அட்டை வருகிறது, பயிற்சி வருகிறது. ‘இந்தப் பிள்ளைக்கும் யோசிக்கத் தெரியும்’ என்கிற நம்பிக்கை எந்த அட்டையிலும் அச்சாகி வராது.

என் அக்கா நாலாம் வகுப்போடு நின்றாள். வாய்ப்பாடு ஒப்பிக்கவில்லை என்று முட்டி போட வைத்து, ‘மரக்கா எண்ணத் தெரிஞ்சா போதும், ஒனக்கு எதுக்குடி கணக்கு’ என்றார் வாத்தியார். மறுநாள் அவள் போகவில்லை, யாரும் கூப்பிட வரவும் இல்லை. இப்போது அவள் குழுக் கடன் வாங்குகிறாள். பத்தாயிரத்துக்கு வருசத்துக்கு 12 சதவீத வட்டி என்று சொல்லிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு மாதத் தவணை, மொத்தம் கட்ட வேண்டியது 11,200. மாதாமாதம் அசல் குறைகிறது. வட்டி மட்டும் கடைசி வரை முழுப் பத்தாயிரத்துக்கே போட்டிருக்கிறது. சரியாகக் கணக்குப் பார்த்தால் வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. அவளுக்கு உட்கார்ந்து விளக்கினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, ‘இத அன்னிக்கே சொல்லிக் குடுத்திருந்தா?’ என்றாள். அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல?

கணக்குத் தெரியாமல் வைத்திருப்பது ஒருவருக்கு நட்டம் என்றால் இன்னொருவருக்கு லாபம். அதனால்தான் இதை அரசியல் என்கிறேன். அமெரிக்காவில் பாப் மோசஸ் இதைப் புரிந்துகொண்டார். 1961இல் மிசிசிப்பிக்குப் போய்க் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்வதற்காக அடி வாங்கியவர் அவர். 1982இல் அல்ஜிப்ரா திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார். வாக்குரிமை எப்படியோ அப்படித்தான் கணக்கும் உரிமை என்றார். மைனஸ் எண்ணைப் புரியவைக்கப் பிள்ளைகளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார். இந்தப் பக்கம் இத்தனை ஸ்டேஷன், அந்தப் பக்கம் இத்தனை ஸ்டேஷன் என்று எண்ணவைத்து அங்கிருந்து பாடத்துக்கு வந்தார். பிள்ளைக்குத் தெரிந்த இடத்தில் தொடங்கி, தெரியாத இடத்துக்குக் கூட்டிப் போனார். 2021இல் மறையும் வரை அந்த வேலையை அவர் விடவில்லை.

நாம் என்ன செய்தோம்? பாட்டுக் கட்டினோம், நாடகம் போட்டோம், கவிதை எழுதினோம். கணக்கைத் தொடவில்லை. நானும்தான். கணக்குக்குப் பயந்து கல்லூரியில் வரலாறு எடுத்தவன் நான். பயத்தைக் கொள்கை மாதிரிப் பேசித் திரிந்தேன். இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்தில் இரண்டு சாயங்காலம் உங்கள் தெருத் திண்ணையில் உட்காருங்கள். வாய்ப்பாட்டில் தொடங்க வேண்டாம். பத்து ரூபாய்த் தாளில் தொடங்குங்கள், நூறு நாள் வேலைக்குப் போய்வந்த அம்மாவின் கூலியில் தொடங்குங்கள். பிள்ளை எப்படி யோசித்தது என்று முதலில் கேளுங்கள், பிறகு காகிதத்தில் எழுதக் காட்டுங்கள். காகிதத்தை விட்டுவிடவும் கூடாது. மனக்கணக்கு மட்டும் போதும் என்றால் அம்மாவின் களத்திலேயே நிற்போம். கணக்குப்பிள்ளையின் நோட்டும் நம் கைக்கு வர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தாய்மார்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் எழுந்து ஒரு கேள்வி கேட்கட்டும்: ‘பீரோவுல இருக்கிற குச்சிக்கட்டு எப்ப எங்க புள்ள கைக்கு வரும்?’

அந்தப் பிள்ளையிடம் குச்சிக் கட்டைக் கொடுத்து அவிழ்க்கச் சொன்னேன். எண்ணிப் பார்த்தாள். ‘அப்ப இது கடன் இல்ல பெரீப்பா, நம்மளோடதுதான்’ என்றாள்.

ஆமாம் தாயி. நம்மளோடதுதான்.

ஜெய்பீம்.