பழைய பிரஷ் கட்டருக்கு கார்புரேட்டர் பாகம்: மெஷின் பெயரைச் சொல்லாதீர்கள், நம்பரைச் சொல்லுங்கள்!

“தென்னந்தோப்பில் புல் வெட்ட எட்டு வருடங்களுக்கு முன்பு வாங்கிய டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் இருக்கிறது. சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. விற்ற கடை இப்போது இல்லை. மற்ற கடைகளில், ‘இந்த மெஷினுக்குச் சாமான் வராது, கார்புரேட்டரையே மாற்றுங்கள்’ என்கிறார்கள். உள்ளே இருக்கும் சின்னப் பாகங்கள் மட்டும் கிடைக்குமா?”
- வாசகர், பரமத்தி வேலூர்.

கிடைக்கும். ஆனால், கடையில் மெஷின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைப்பது கடினம். பிரஷ் கட்டரை விற்கும் கம்பெனிகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை கார்புரேட்டரைத் தாங்களே செய்வதில்லை. வால்ப்ரோ, சாமா போன்ற சில கம்பெனிகளிடம் வாங்கிப் பொருத்துகின்றன. அதனால் மெஷின் கம்பெனி மூடப்பட்டிருந்தாலும், கார்புரேட்டரின் பாகம் சந்தையில் இருக்கலாம்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் உடம்பைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். கம்பெனி பெயரும், சில ஆங்கில எழுத்துகளும், ஒரு நம்பரும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் காட்ட வேண்டியது அதைத்தான்.

முதலில் பார்க்க வேண்டியவை

சோக் போட்டால் ஓடி, எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால், இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. அல்லது எங்கோ காற்று இழுக்கிறது என்று அர்த்தம். கார்புரேட்டரைப் பிரிக்கும் முன்பு, டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டியூபில் வெடிப்பு இருக்கிறதா, பிரைமர் பல்பு கிழிந்திருக்கிறதா, கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பாதி மெஷின்கள் இங்கேயே சரியாகிவிடும்.

இவை சரியாக இருந்தால், அடுத்து சந்தேகப்பட வேண்டியது டயாபிராம். பிரஷ் கட்டரைச் சாய்த்தும் திருப்பியும் பிடிப்பதால், அதில் மிதவை வைத்த கார்புரேட்டர் சரிவராது. மிதவைக்குப் பதிலாக இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கும். ஒன்று டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். இன்னொன்று தேவையான அளவுக்கு ஊசியைத் திறந்துவிடும். புதிதில் துணிபோல மிருதுவாக இருக்கும் இந்தச் சவ்வு, காய்ந்து விறைத்துவிட்டால் ஊசி சரியாகத் திறக்காது. பிரித்ததும் விரலால் தொட்டுப் பாருங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிம்போல மொடமொடப்பாக இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

எந்த கிட் கேட்பது?

டயாபிராமைத் தனியாகத் தேடுவதைவிட, ‘ரிப்பேர் கிட்’ என்று கேளுங்கள். வால்ப்ரோ கிட்களில் ‘கே’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவது முழு செட். ஊசி, லீவர் எல்லாம் இருக்கும். ‘டி’யில் தொடங்குவதில் டயாபிராமும் பேக்கிங்கும் மட்டும் இருக்கும். சாமாவில் ‘ஆர்.பி.’ என்பது முழு செட், ‘ஜி.என்.டி.’ என்பது டயாபிராம், பேக்கிங் மட்டும். கார்புரேட்டர் நம்பர் தெரிந்தால், அதற்குரிய கிட் எது என்பதைக் கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

பெயரும் நம்பரும் இல்லாத நகல் கார்புரேட்டராக இருந்தால், கழற்றிய பழைய டயாபிராமையும் பேக்கிங்கையும் கையோடு கொண்டு செல்லுங்கள். புதியதன் மேல் வைத்து, ஒவ்வோர் ஓட்டையும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்த வகையில் முழு கார்புரேட்டரே குறைந்த விலைக்குக் கிடைப்பதும் உண்டு. இரண்டு விலையையும் விசாரித்து முடிவு செய்யலாம்.

பழைய பாகங்கள் மாட்டப்பட்டிருந்த வரிசை முக்கியம். ஒருபக்கம் பேக்கிங் முதலில், மறுபக்கம் டயாபிராம் முதலில் என்று மாறி வரும். எனவே, ஒவ்வொன்றையும் எடுக்கும்போதே படம் எடுங்கள். ஜெட் துளையில் ஊசி, கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதினால் போதும். டயாபிராமின் மீது கிளீனர் படக் கூடாது.

சோக் போட்டே ஓட்டலாமா?

பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். இன்ஜின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஒரு சவ்வுக்காக யோசித்து, பிஸ்டன், சிலிண்டர் செலவில் போய் நிற்க நேரிடும். புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் புல் மண்டி நிற்கும் நேரத்தில் ஆளும் கிடைக்காது, மெஷினும் இருக்காது.

பவர் வீடர், பம்ப் இன்ஜின்களுக்கு…

நிலையாக வைத்து ஓட்டும் பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் மிதவை வகை கார்புரேட்டர்தான் இருக்கும். பெட்ரோல் வழிந்து கொட்டினால் மிதவை ஊசி, மிதவை, கிண்ணத்தின் பேக்கிங் ஆகியவற்றைப் பாருங்கள். மெயின் ஜெட்டை மாற்றும்போது, பழைய ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

இப்போதே வாங்கி வையுங்கள்

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு, புதிய டூவீலர்கள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. கார்புரேட்டர் வேலை தெரிந்த டூவீலர் மெக்கானிக்குகளும் குறைந்து வருகிறார்கள். நாமக்கல், சேலத்தில் கிடைக்காதவற்றுக்கு, ஈரோடு, கோவையில் உள்ள விவசாயக் கருவி உதிரிபாகக் கடைகளில் விசாரிக்கலாம். கிடைக்கும்போது ஒரு கிட் கூடுதலாக வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. 2022-ல் 10 சதவிகித எத்தனால் கலப்பு எட்டப்பட்டது; 2023 முதல் 20 சதவிகிதம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் பாகங்களையும் பாதிக்கும். எனவே, இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் மெஷினை எடுக்கப் போவதில்லை என்றால், டேங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் வைக்க வேண்டாம். ஆயில் அளவை மெஷினின் கையேட்டில் உள்ளபடி கலக்குங்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி.; 25-க்கு 1 என்றால் 40 மி.லி.

கார்புரேட்டரின் உடம்பில் வெடிப்போ, உள்ளே அரிப்போ இருந்தால் மட்டும் முழுவதாக மாற்றுங்கள். இல்லையென்றால், சவ்வையும் பேக்கிங்கையும் மாற்றினாலே உங்கள் பிரஷ் கட்டர் இன்னும் சில வருடங்கள் புல் வெட்டும்.