கையெழுத்து சரியா இருக்கா?

பாங்க் கவுன்ட்டரில் செக்கை நீட்டுகிறீர்கள். கிளார்க் உங்கள் முகத்தையா பார்க்கிறார்? கையெழுத்தைப் பார்க்கிறார். ஸ்பெசிமனோடு ஒத்துப்போனால் பணம். இல்லையென்றால் 'ஸாரி ஸார்!'

கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு கறாரான கிளார்க் உண்டு. பெயர் செக்யூர் பூட். பவர் பட்டனை அமுக்கியதும், விண்டோஸை எழுப்பிவிடும் சின்ன புரோகிராமின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்ப்பார். ஒத்துவந்தால்தான் உள்ளே விடுவார்.

எதற்கு இத்தனை கெடுபிடி? 1986-ல் லாகூரில் பிறந்த 'பிரெய்ன்' வைரஸ் குடியேறியதே ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில்தான். வாட்ச்மேன் டியூட்டிக்கு வருமுன்பே திருடன் வீட்டுக்குள் இருந்தால் எப்படி? இந்த ரகத் திருடர்களைத் தடுக்கத்தான் 2012-ல் விண்டோஸ் 8-உடன் செக்யூர் பூட் பரவலாக வந்தது.

நம்ம பையன்களுக்கு இந்த சுவிட்ச் மேல் தனி ஆசை. லினக்ஸ் போட வேண்டும் என்று ஒருத்தர் அணைக்கிறார் (உபுன்டுவுக்கு அணைக்கவே வேண்டாம் ஸார்!). 2025-ல் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 6' ஆட, இன்னொருத்தர் ஆன் செய்கிறார். எஃப்2 அல்லது டெலீட் தட்டி பயாஸுக்குள் போய், மாற்றி, எஃப்10. அரை நிமிஷ வேலை.

அப்புறம்தான் கச்சேரி. '48 இலக்க ரெகவரி கீ எங்கே?' என்று நீலத் திரை கேட்கலாம். கேட்பவர் பிட்லாக்கர். புது லேப்டாப்புகள் பலவற்றில் உங்களைக் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும் ஆசாமி. செட்டிங் மாறினால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். சாவி இல்லையா? தங்கச்சி கல்யாண ஆல்பம், வருமான வரிக் கணக்கு, எல்லாம் அம்பேல்! மைக்ரோஸாஃப்ட்டின் காலில் விழுந்தாலும் புதுச் சாவி செய்து தர அவர்களால் முடியாது.

ஆகவே, முதலில் மூன்று காரியம்.

ஒன்று: 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து பயாஸ் மோட் பாருங்கள். 'யூஇஎஃப்ஐ' என்றிருந்தால் சரி. 'லெகஸி' என்றால் தொடாதீர்கள். டிஸ்க் அமைப்பையே மாற்றவேண்டிய சமாச்சாரம் அது. அவசரப்பட்டால் விண்டோஸ் எழுந்திருக்காது.

இரண்டு: உங்கள் மைக்ரோஸாஃப்ட் அக்கவுன்ட்டில் அந்த 48 எண்களைத் தேடி, காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.

மூன்று: பிட்லாக்கரைத் தற்காலிகமாக 'சஸ்பெண்ட்' செய்துவிட்டுக் கை வையுங்கள். லினக்ஸ் போட்டு முடித்ததும் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்ய மறக்காதீர்கள்.

ஆபீஸ் மெஷினா? சாவி கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்டிடம் இருக்கும். அவர்களைக் கேட்காமல் அதில் கை வைத்தால், சஸ்பெண்ட் ஆவது பிட்லாக்கர் மட்டுமாக இருக்காது!