அர்தபீல் கம்பளம்: முழுமையும் இழப்பும்

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் அர்தபீல் கம்பளம் பாரசீக நெசவுக்கலையின் முழுமைக்குச் சான்றாகச் சுட்டப்பெறுகிறது. அம்முழுமை எவ்வாறு அமைந்தது என்பதும் ஆராயத்தக்கது.

ஏறத்தாழ 10.5 மீட்டர் நீளமும் 5.3 மீட்டர் அகலமும் கொண்ட இதன் பாவும் ஊடையும் பட்டு, முடிச்சுகள் கம்பளி. மெல்லிய பட்டிழை முடிச்சுகளின் நெருக்கத்திற்கு இடந்தந்தது. கம்பளி சாயத்தை ஆழ ஏற்றது. நடுவில் பதக்கமும், அதன் இருபுறமும் அளவில் வேறுபட்ட இரு விளக்குகளும் அமைந்துள்ளன. நெய்யப்பெற்ற வாசகம் ஹிஜ்ரி 946 (கி.பி. 1539–40) எனும் ஆண்டையும் மக்சூத் காஷானி எனும் பெயரையும் தருகிறது.

இதற்கு ஓர் இணைக்கம்பளம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிதைந்திருந்த இரண்டனுள் ஒன்றன் பகுதிகளைக் கொண்டு மற்றது செப்பனிடப்பெற்றது. அவ்வாறு நிறைவுற்றதை வில்லியம் மாரிஸின் பரிந்துரையின்பேரில் 1893இல் அருங்காட்சியகம் வாங்கியது. விளிம்பை இழந்து குறுகிய இணை இன்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ளது.

ஒத்த வடிவமைப்புடைய இணையிலிருந்தே பகுதிகள் பெறப்பட்டமையால் மூலத்தன்மை குன்றவில்லை என வாதிடலாம். ஆயினும் லண்டன் கம்பளம் 16ஆம் நூற்றாண்டு நெசவும் 19ஆம் நூற்றாண்டு வணிகமும் சேர்ந்து ஆக்கிய பொருளாகும். விளக்குகளின் அளவு வேறுபாடு போன்றவற்றை நெய்தோரின் கருத்தாகக் கொள்ளுமுன், குறித்த பகுதி எக்கம்பளத்திற்கு உரியது எனத் தெளிதல் வேண்டும். இணையைச் சிதைவெனத் தள்ளாது இரண்டையும் ஒருங்கே ஆராய்வதே முறையாகும்.