எத்தனை லூமன் எண்டு கேக்கிறதை விடுவம்

2022 பெற்றோல் தட்டுப்பாடு கொழும்பில் கனபேரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் லைற் வாங்கப் போனால் எங்கட ஆக்கள் கேட்கிறது ஒரே கேள்வி: "எத்தனை லூமன்?"

பிழையான கேள்வி. லூமன் என்பது லைற் கக்குகிற மொத்த வெளிச்சம். அது எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம். ரோச் மாதிரி வட்டமாக அடிக்கிற லைற்றை நேராகப் பூட்டினால் கீழ்ப்பாதி றோட்டுக்கு, மேல்பாதி எதிரே வாறவரின் கண்ணுக்கு. இரவு ஹெவ்லொக் றோட்டில் கார்க்காரர் ஹைபீம் அடித்தால் திட்டுகிறோம். அதையே சைக்கிளில் பூட்டி, நடந்து வாற அன்ரியின் முகத்தில் அடிக்கலாமோ? கண் கூசின ஓட்டோக்காரருக்கு எங்களோடு எவ்வளவு இடைவெளி என்றே மட்டுக்கட்ட ஏலாது.

ஜேர்மனியில் சைக்கிள் லைற் எதிரே வாறவரின் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் அங்கத்தைய லைற்றில் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோடு கீறினமாதிரி வெட்டுப்படும். மிச்சம் முழுக்க றோட்டில் விரியும். குறைந்த லூமனே காணும்.

கடையில் சுவரில் அடித்துப் பாருங்கோ: மேல்விளிம்பு நேர்கோடா, வட்டமா? வட்டம்தான் கிடைத்தால், கீழே சரித்துப் பூட்டுங்கோ. அதுக்குக் காசு வேண்டாம், மற்றவனும் றோட்டில் வாறான் எண்ட நினைப்பு மட்டும் வேணும்.