மூளைச்சாவும் பள்ளிப் பாடமும்

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்னும் 15 வயது மாணவன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, அவனுடைய உறுப்புகளைக் கொடையளிக்கப் பெற்றோர் முன்வந்தனர். அவன் இதயம் சென்னையில் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழக வீடுகளில் உறுப்புக் கொடை பேசுபொருளானது அதன்பிறகே. அந்தப் பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மகனுக்கு நேர்ந்தது இன்னதென்று அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

பிற குடும்பங்களின் நிலை வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் மகனின் மார்பு ஏறி இறங்குகிறது. கையைத் தொட்டால் சூடு இருக்கிறது. திரையில் இதயத் துடிப்பு ஓடுகிறது. உயிர் பிரிந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்? மூச்சைத் தருவது கருவியே என்பதும், கோமா வேறு, மூளைச்சாவு வேறு என்பதும், மூளைச்சாவிலிருந்து மீட்சி இல்லை என்பதும் மருத்துவமனை நடைக்கூடத்தில் முதன்முறையாகக் கேட்டு மனம் ஏற்கக்கூடியவை அல்ல. காலமும் காத்திராது. உடலிலிருந்து எடுத்த இதயம் 4 முதல் 6 மணி நேரமே தாங்கும்.

ஆகவேதான் இந்த அறிவு பள்ளிப் பருவத்திலேயே வாய்க்கவேண்டும் என்கிறோம். கண்ணப்பரின் கதை கேட்டு வளரும் பிள்ளைகளுக்குக் கொடையின் பெருமையைப் புதிதாகப் புகட்டத் தேவையில்லை. அவர்களுக்குத் தேவை அறிவியலும் சட்டமும். மூளைச்சாவை மருத்துவர் நால்வர் கொண்ட குழு சான்றளிக்கவேண்டும். சோதனைகள் 6 மணி நேர இடைவெளியில் இருமுறை நடக்கவேண்டும். கருவியை விலக்கி, மூச்சு தானாக எழுகிறதா என்று பார்ப்பதும் அவற்றுள் ஒன்று. உறுப்பைப் பொருத்தும் மருத்துவர்களுக்கு அச்சான்றில் இடமில்லை. உறுப்புக்காகவே உயிரைப் போக்கிவிடுவார்களோ என்று இன்றும் நிலவும் அச்சத்துக்கு இதைவிட நேரிய மறுமொழி ஏது?

சட்டத்தின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. உறுப்பு வணிகத்தை 1994ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. ஆயினும் 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடன்சுமையில் தவித்த விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் தரகர்களால் விலைபேசப்பட்ட செய்தி நம்மை வெட்கித் தலைகுனிய வைத்தது. அத்தொழிலாளர்களின் பிள்ளைகளும் நம் அரசுப் பள்ளிகளில்தான் படிக்கின்றனர். கொடை எது, கொள்ளை எது என்று அவர்கள் அறிந்திருப்பது அவர்களுடைய வீட்டுக்கே காவல்.

மாணவரிடம் உறுதிமொழிப் படிவத்தை நீட்டவேண்டாம். 18 வயது நிரம்பாதோர் உறுதியளிக்கச் சட்டமும் இடந்தரவில்லை. வகுப்பில் தந்தையை டயாலிசிஸுக்கு அனுப்பிவிட்டு வந்த பிள்ளையும் இருக்கலாம். விபத்தில் உடன்பிறந்தாரை இழந்த பிள்ளையும் இருக்கலாம். ஆசிரியருக்குப் பயிற்சி தராமல் இப்பாடத்தைத் தொடங்குவது தவறு. நன்கு கற்ற பிள்ளை வீட்டில் இதைப் பேசும். முடிவெடுக்கும் உரிமை குடும்பத்திடம் இருப்பதால், அந்தப் பேச்சே முதன்மையானது.

உறுப்புக் கொடையாளரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது போற்றுதற்குரியது. ஆகஸ்ட் 3 தேசிய உறுப்புக் கொடை நாளில் பேச்சுப் போட்டி வைப்பதோடு கடமை தீர்ந்ததென்று கருதாமல், பள்ளிக் கல்வித்துறையும் உறுப்பு மாற்று ஆணையமும் இணைந்து உயர்நிலை வகுப்புகளுக்கு முழுமையான பாடமொன்றை வகுக்கவேண்டும். அப்பணியைக் காலந்தாழ்த்தாது தொடங்குமாறு அரசை வலியுறுத்துகிறோம்.