ஆயில் கூலர் எனும் அலங்காரம்

திருவள்ளூரை அடுத்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து 1998ல் மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. பிறகு அதே வளாகத்தில் பஜேரோ, 2012ல் பஜேரோ ஸ்போர்ட். நடுவே சில காலம் இசுசு வண்டிகளும் அங்கேதான் பூட்டப்பட்டன. 2016ல் இசுசு, கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்து போய்விட்டது. இப்போது திருவள்ளூர் ஆலையில் பூட்டப்படுவது சிட்ரோயன் கார்கள். பஜேரோ பி.எஸ்.6 விதிக்குள் வரவே இல்லை.

ஆக, இன்று ரோட்டில் ஓடுகிற ஒவ்வொரு திருவள்ளூர் பஜேரோவும் மிச்சம் இருக்கிற சரக்கு. எஞ்சின் போனால் ஷோரூமுக்குப் போய் இன்னொன்று எடுத்து வர முடியாது. அதனால் வைத்திருப்பவர்கள் அதைக் குழந்தை மாதிரி பார்த்துக் கொள்கிறார்கள். தப்பில்லை. ஆனால் லடாக் போகிறேன், ராஜஸ்தான் மணலுக்குப் போகிறேன் என்று ஒருவர் வாயைத் திறந்த உடனே, "சார், முதல்ல ஒரு ஆயில் கூலர் போட்டுடுங்க" என்று சொல்ல நாலு பேர் வந்து விடுகிறார்கள். இந்த நாலு பேரில் ஒருவராவது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்க வண்டியில ஆயில் எத்தனை டிகிரி சூட்டுல ஓடுது?

பதில் தெரிந்தவர் அபூர்வம். டாஷ்போர்டில் இருக்கிற மீட்டர் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும், எஞ்சின் ஆயிலின் சூட்டை அல்ல. அளக்காமலேயே காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதுதான் இங்கே நடக்கிற வைத்தியம்.

ஆயில் சூடாக இருப்பது நோய் அல்ல. அது சூடாகத்தான் வேண்டும். சம்ப்பில் 90 முதல் 110 டிகிரி வரை என்பது சாதாரணம். ஓட ஆரம்பிக்கும்போது ஆயிலில் சேருகிற தண்ணீரும் கொஞ்சம் டீசலும் வெளியேற வேண்டுமானால் அது 100க்குப் பக்கத்திலாவது போயாக வேண்டும். 15டபிள்யூ-40 ஆயிலை எடுத்துக் கொண்டால், 40 டிகிரியில் அதன் கெட்டித்தன்மை 100 டிகிரியில் இருப்பதைப் போல ஏறக்குறைய 7 மடங்கு. எஞ்சினை வடிவமைத்தவர் பேரிங் இடைவெளியைக் கணக்குப் போட்டது சூடான, இளகிய ஆயிலுக்குத்தான். தெர்மோஸ்டாட் இல்லாத ஒரு மலிவு கூலரை மாட்டி, தினமும் 10 கிலோமீட்டர் ஆபீஸ் போய் வந்தால், அந்த ஆயில் வேண்டிய சூட்டுக்கு வருவதற்குள் ஆபீஸ் வந்து விடும். லடாக்கின் பனிக்குளிர் காலையில் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. (கூலரே லடாக்குக்காகப் போட்டது என்பதுதான் வேடிக்கை.)

"அப்ப மணல்ல?" என்பார்கள். சரி, மணலுக்கு வருவோம். மணலில் வண்டி முதல் கியரில், லோ ரேஞ்சில், ஆமை வேகத்தில் முனகிக் கொண்டு போகிறது. முன்னால் மாட்டிய கூலருக்குக் காற்று எங்கிருந்து வரும்? ரேடியேட்டர் விசிறி இழுக்கிற காற்றுதான். அந்த விசிறியின் விஸ்கஸ் கப்ளிங் பழசாகி வழுக்கிக் கொண்டிருந்தால் அதுவும் கிடையாது. ஹைவேயில் 100ல் போகும்போது கூலருக்குக் காற்று பிய்த்துக் கொண்டு வரும், ஆனால் அங்கே அதன் தேவை மிகக் குறைவு. தேவைப்படுகிற இடத்தில் வேலை செய்யாமல், வேலை செய்கிற இடத்தில் தேவைப்படாமல் இருக்கிற ஒரு பொருளுக்கு என்ன பெயர் வைப்பது? போதாததற்கு, அது உட்கார்ந்திருப்பது ரேடியேட்டருக்கு நேர் முன்னால். அங்கே ஏற்கனவே ஏ.சி. கண்டென்சர் இருக்கிறது. மே மாதத்துச் சென்னை வெயிலில் இரண்டும் சேர்ந்து கொதிக்க வைத்த காற்றுதான் ரேடியேட்டருக்குக் கிடைக்கும். ஆயிலைக் காப்பாற்றப் போய் சிலிண்டர் ஹெட்டைக் காவு கொடுப்பதற்கு நல்ல வழி.

ராயல் என்ஃபீல்டு 2016ல் விட்ட ஹிமாலயனில் கம்பெனியே ஆயில் கூலர் வைத்ததே என்று ஒரு வாதம் உண்டு. அது காற்றால் குளிரும் எஞ்சின். ரேடியேட்டர் கிடையாது, சூட்டைச் சுமந்து போக ஆயிலை விட்டால் ஆள் இல்லை. பஜேரோவின் 2835 சிசி டீசலுக்குத் தண்ணீர் இருக்கிறது. இன்னொரு வாதம் டக்கார் ராலி. பஜேரோ அதை 12 முறை ஜெயித்தது நிஜம்தான். ஆனால் பாலைவனத்தில் நாள் முழுக்க ஆக்ஸிலேட்டரை மிதித்தே ஓட்டி, இரவு முழுக்க மெக்கானிக்குகள் பிரித்து மேய்கிற வண்டிக்கும், குடும்பத்தோடு ஜெய்சல்மேர் போகிற வண்டிக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

இதையெல்லாம் கூட வீண் செலவு என்று விட்டு விடலாம். விட முடியாதது ஹோஸ் சமாச்சாரம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்கு ஆலைகள், ரோலிங் மில்கள். எங்கும் பிரஸ், ஃபோர்க்லிஃப்ட், ஜேசிபி. இப்படிப்பட்ட ஊரில் ஹைட்ராலிக் ஹோஸை அளவுக்கு வெட்டி, முனையில் ஃபிட்டிங் வைத்து அழுத்தித் தருகிற கடைக்குப் பஞ்சம் இருக்காது. கூலர் மாட்டுபவர் நேராக அங்கேதான் போவார். "இரண்டு கம்பி ஹோஸ் சார், 200 பார் பிரஷர் தாங்கும்" என்று பெருமையாகவும் சொல்வார். உண்மைதான், தாங்கும். எஞ்சின் ஆயில் பிரஷர் 4, 5 பார். கேள்வி பிரஷர் அல்ல, சூடு. அந்தச் சாதாரண இரண்டு கம்பி ஹைட்ராலிக் ஹோஸின் தர நிர்ணயத்தில் வெப்பநிலை எல்லை 100 டிகிரி. ஆயில் 100ஐத் தாண்டவில்லை என்றால் கூலரே தேவையில்லை. 120, 130க்குப் போகிறது என்றால் அந்த ஹோஸ் போடக் கூடாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்த ஹோஸுக்கு வண்டியில் இடமில்லை!

சூட்டில் ரப்பர் இறுகி, ஃபிட்டிங் ஓரத்தில் வெடிப்பு விட்டு, ஒருநாள் பிய்த்துக் கொள்ளும். ஆயில் பம்ப்புக்கு இது தெரியாது. அது தன் கடமையை ஒழுங்காகச் செய்து, சம்ப்பில் இருக்கிற ஆயிலை எல்லாம் ரோட்டில் கொட்டும். சிவப்பு விளக்கு எரிந்து, டிரைவர் பார்த்து, ஓரங்கட்டுவதற்குள் டர்போவும் பேரிங்கும் காய்ந்து விடும். கடைசி சரக்கு என்று பொத்திப் பொத்தி வைத்த எஞ்சின்.

முதலில் செய்ய வேண்டியது ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்று மாட்டுவது. சென்சாரை சம்ப் டிரெயின் போல்ட்டிலேயே வைக்கலாம். கூலர் செட்டோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். முழு லோடோடு ஏலகிரியோ ஏற்காடோ ஏறிப் பார்த்தால் விஷயம் தெரிந்து விடும். சூடு அதிகம் என்றால் கூலர் வாங்கும் முன் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, விசிறி கப்ளிங்கையும் ரேடியேட்டர் மூடியையும் பார்க்க வேண்டும். பல டீசல்களில் கம்பெனி வைத்த கூலர் ஏற்கனவே இருக்கும். அது அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் இன்னொன்றை மாட்டுவது அசட்டுத்தனம்.

எல்லாம் சரியாக இருந்தும், தொடர்ந்து 130ஐத் தாண்டுகிறது என்றால் தாராளமாகப் போடலாம். 80 டிகிரி வாக்கில் திறக்கிற தெர்மோஸ்டாட் உள்ள அடாப்டர், எஞ்சின் ஆயில் சூட்டுக்கென்றே செய்த ஹோஸ், உடம்பில் எங்கும் உரசாத பாதை, கல்லடி படாத இடம். மாட்டிய பின் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினைப் பற்ற விடாமல் சுற்றி, பிரஷர் வந்த பிறகு விட வேண்டும். கூடுதலாக எவ்வளவு ஆயில் பிடிக்கிறது என்று பார்த்து ஊற்ற வேண்டும்.

ஆட்டோமேடிக் கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சேதி. மணலில் உண்மையில் வேகிறது எஞ்சின் ஆயில் அல்ல, கியர்பாக்ஸ் ஆயில். சக்கரம் புதைந்து நிற்கையில் டார்க் கன்வெர்ட்டர் வழுக்குகிற வழுக்கல் எல்லாம் அந்த ஆயிலில்தான் சூடாக இறங்குகிறது. பணம் கையை அரித்தால் கூலரை அங்கே மாட்டலாம். அதைப் பற்றி மட்டும் அந்த நாலு பேரும் வாயே திறப்பதில்லை.