சேர் சொன்னாச் சரியா?

147573952589676412927. இரண்டின் 67ஆம் வலுவில் ஒன்றைக் கழித்தால் வருகிற எண். இது முதன்மை எண் என்று 1644இல் மெர்சென் எழுதிவைத்தார். பெரிய ஆள் சொன்னது, இருநூறு வருசத்துக்கு மேல் அப்படியே நின்றது. அது பிழை என்று 1876இல் லூக்கா நிறுவினார். ஆனால் காரணிகள் அவருக்கும் அகப்படவில்லை. 1903இல் ஃபிராங்க் கோல் அவற்றைக் கண்டுபிடித்துக் காட்டினார்: 193707721, 761838257287.

கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். பெருக்கிப் பார்க்க ஒரு தாளும் பேனையும் போதும். பட்டம், பதவி ஒன்றும் வேண்டாம். கணிதத்தில் எங்களுக்குப் பிடிச்ச நியாயம் இதுதான். ஆனால் நாங்களோ, "சேர் சொன்னாச் சரி" என்று கொப்பியை மூடப் பழகிவிட்டோம். மெர்சென் சொன்னதையே சரிபார்க்கலாம் என்றால், சேர் சொன்னதைக் கேள்வி கேட்க ஏன் தயங்கவேணும்?